பஸ்காக்ஸ் பீட் ஷெல்லி ஏன் சிந்த் பாப் பக்கம் போனாரு? சோலோ ஆல்பம் எதுல ஆரம்பிக்கறது?

மூணுகார்டு:

வணக்கம் மக்களே. பஸ்காக்ஸ்னா எனக்கு உயிரு. 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' தொகுப்ப தேயத் தேய கேட்டிருக்கேன், ரெண்டே முக்கால் நிமிஷத்துல காதல், கடுப்பு, அவமானம் எல்லாத்தையும் கொட்டிட்டு டக்குனு நிறுத்திட்டு போற அந்த ஸ்டைல் வேற எந்த பங்க் பேண்டுகிட்டயும் எனக்கு கிடைக்கல. இப்ப அவங்க பாடகர் பீட் ஷெல்லியோட சோலோ பாட்டு 'ஹோமோசேப்பியன்' கேட்டுட்டு கொழம்பிப் போய் உக்காந்திருக்கேன். குரல் அதே குரல்தான், அந்த குத்தலும் கெஞ்சலும் கலந்த வடக்கு இங்கிலாந்து குரல், ஆனா பின்னாடி மிஷின் ட்ரம்மும் சிந்தும் (சிந்தசைசர்) டிஸ்கோ மாதிரி போகுது. 1979ல 'எ டிஃபரன்ட் கைண்ட் ஆஃப் டென்ஷன்' போட்ட ஆளு 1981ல இதுக்கு எப்படி வந்தாரு? அப்போ எல்லாரும் சிந்த் வாங்கிட்டாங்கன்னு இவரும் வாங்கினாரா, இல்ல ப்ரொட்யூசர் மார்ட்டின் ரஷன்ட் கைய புடிச்சு இழுத்துட்டு போனாரா? இதுக்கப்புறம் யார் யார்கூட சேந்து வேலை பாத்தாருன்னும் சொல்லுங்க, நெட்ல தேடினா எல்லாமே பஸ்காக்ஸ் கதையாத்தான் வருது. திட்டறவங்க திட்டலாம், காரணம் சொல்லி திட்டுங்க.

பழையடேப்:

பாஸ், நீங்க கேள்வியவே தலைகீழா கேக்கறீங்கன்னு நெனக்கறேன். பங்க்ல இருந்து எலக்ட்ரானிக் பக்கம் அவரு போகல, அங்கேருந்துதான் பங்க்குக்கே வந்தாரு.

போல்டன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜில எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பையன் அவரு. பின்னாடி சேந்து பஸ்காக்ஸ ஆரம்பிச்ச ஹோவர்ட் டெவோட்டோவ சந்திச்சதும் அங்கதான். 1974ல, அதாவது பஸ்காக்ஸ்னு ஒரு பேரே யாருக்கும் தோணாத காலத்துல, தனியா செஞ்சு வச்ச ஒரு ஆசிலேட்டர (மின்சாரத்துல சத்தம் உண்டாக்கற கருவி) வச்சு ஒரு முழு ரெக்கார்டிங் பண்ணாரு, பேரு 'ஸ்கை யென்'. பாட்டு கிடையாது, வரி கிடையாது, ட்ரம் கிடையாது, சைரன் மாதிரி ஏறி எறங்கற சத்தம் மட்டும் ரெண்டு பக்கமும். அத 1980ல தன்னோட சொந்த லேபிள் க்ரூவி ரெக்கார்ட்ஸ்ல வெளியிட்டாரு. முழுசா உக்காந்து கேக்கறது கஷ்டம், நான் சிபாரிசும் பண்ண மாட்டேன், ஆனா இருபது வயசு கூட ஆகாத ஒருத்தன் கிட்டார் கெடக்கட்டும்னு இத பண்ணியிருக்கான்ங்கறத மனசுல வச்சுக்கிட்டு 'ஹோமோசேப்பியன்' கேளுங்க, வேற மாதிரி கேக்கும்.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். 'ஹோமோசேப்பியன்' பாட்டே 1981ல எழுதினது இல்ல. பஸ்காக்ஸுக்கு முன்னாடி எழுதி வச்சிருந்த பழைய பாட்டு அது, அந்த ஆல்பத்துல இந்த மாதிரி இன்னும் சிலது இருக்கு. பங்க் வேகத்துக்கு ஒத்து வராததால ஓரமா கெடந்துச்சு. நல்லா கவனிச்சா அந்த பாட்டோட முதுகெலும்பு 12 கம்பி அகூஸ்டிக் கிட்டார்தான், எழுபதுகளோட ஆரம்பத்துல ஒரு பையன் ரூம்ல உக்காந்து வாசிக்கற மாதிரியான பாட்டு, அதுக்கு மேல மிஷின ஏத்தியிருக்காங்க.

ஜெர்மன் பேண்டுங்க மேல, முக்கியமா கேன் மேல, அவருக்கு இருந்த பைத்தியம் பஸ்காக்ஸ்லயே தெரியும். மொத ஆல்பத்துல 'மூவிங் அவே ஃப்ரம் த பல்ஸ்பீட்' எடுத்துக்கங்க, ஒரே ட்ரம் பேட்டர்ன் விடாம போய்ட்டே இருக்கும். 'வொய் கான்ட் ஐ டச் இட்' ஆறு நிமிஷத்துக்கு மேல ஒரே பேஸ் லைன். 'போர்டம்'ல கிட்டார் சோலோ மொத்தமே ரெண்டு நோட்டு, அதையே திருப்பி திருப்பி அடிப்பாரு, சிரிப்பா இருக்கும், ஆனா அந்த மனுஷன் கையில ஒரு சீக்வென்சர (நோட்டுங்கள தானா திருப்பி வாசிக்க வைக்கற மிஷின்) குடுத்தா என்ன பண்ணுவான்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும். பேண்டு உச்சத்துல இருந்தப்பவே எரிக் ரேண்டம், ஃப்ரான்சிஸ் குக்சன்கூட சேந்து டில்லர் பாய்ஸ்னு ஒரு சத்தக் கோஷ்டி வேற வச்சிருந்தாரு, டேப் லூப், ட்ரம் மெஷின், எல்லாம் தாறுமாறு.

கடுப்பு_காபி:

மேல உள்ள பதில் அழகா இருக்கு ஆனா ரொம்ப அழகா இருக்கு. 1981 ஆரம்பத்துல நடந்தது இவ்ளோ கவிதை இல்ல தோழர். அந்த நேரம் பேண்டு நாலாவது ஆல்பத்துக்கு ரெடியாகிட்டு இருந்துச்சு, ஆனா நெலம மோசம், அவங்க லேபிள் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஈஎம்ஐ கைக்கு போயிடுச்சு, புது முதலாளிங்க அட்வான்ஸ் தர மாட்டேன்னாங்க, டூர் போய் போய் எல்லாரும் சோர்ந்து போயிருந்தாங்க, போதை வேற. ரிகர்சல் ஒன்னும் நகரல. ரஷன்ட் அத பாத்துட்டு, நீ மட்டும் என் ஸ்டுடியோவுக்கு வா சும்மா டெமோ பண்ணலாம்னு ஷெல்லிய கூட்டிட்டு போனாரு. பெர்க்ஷையர்ல ஸ்ட்ரீட்லி கிராமத்துல அவரு வீட்டோடவே கட்டின ஜெனடிக் ஸ்டுடியோ அது. டெமோவுக்கு போனவங்களுக்கு டெமோவே ரெக்கார்ட் மாதிரி வந்துடுச்சு, ஐலண்ட் ரெக்கார்ட்ஸ்ல சோலோ டீல் கெடச்சுடுச்சு. மத்த மூணு பேருக்கும், ஸ்டீவ் டிகிள், ஸ்டீவ் கார்வி, ஜான் மாஹர், வக்கீல் கடிதம் வழியா பேண்டு கலைஞ்சுதுன்னு சேதி போச்சு. நேர்ல ஒரு வார்த்த கிடையாது. நான் ஷெல்லிய நேசிக்கறவன்தான், ஆனா இந்த ஒரு விஷயத்துல அவரு நடந்துக்கிட்டது கேவலம், அதையும் சேத்து சொல்லித்தான் ஆகணும்.

ஆக மூணுகார்டு, ரஷன்ட் இழுத்தாராங்கற உங்க கேள்விக்கு என் பதில் பாதி ஆமா. கதவ தொறந்து விட்டது அவருதான்.

நாப்குழல்:

ரஷன்ட் பத்தி பேச்சு வந்துச்சு, நான் கொஞ்சம் மிஷின் பக்கம் பேசறேன், சவுண்ட் பத்தி ஆர்வம் இல்லாதவங்க தாண்டி போயிடுங்க.

இந்த ஆளு பஸ்காக்ஸோட மொத மூணு ஆல்பத்துக்கும் ப்ரொட்யூசர். அதாவது ஷெல்லியோட குரல எங்க வைக்கணும், எந்த வார்த்தைய ரெண்டு தடவ பாட வச்சு ஒன்னு மேல ஒன்னு அடுக்கணும்னு அவருக்கு அத்துப்படி. பங்க்ல சம்பாதிச்சத கொண்டு போய் எலக்ட்ரானிக் சாமான் மேல கொட்டினாரு. அதுல முக்கியமானது ரோலண்ட் எம்சி8 மைக்ரோகம்போசர், 1977ல வந்தது. பேரு பெருசா இருக்கேன்னு நெனச்சுடாதீங்க, அதுல கீபோர்டு கிடையாது, கால்குலேட்டர் மாதிரி நம்பர் பட்டன்தான். ஒவ்வொரு நோட்டுக்கும் அதோட சுருதிக்கு ஒரு நம்பர், அடுத்த நோட்டு எப்ப வரணும்ங்கறதுக்கு ஒரு நம்பர், எவ்ளோ நேரம் ஒலிக்கணும்ங்கறதுக்கு இன்னொரு நம்பர்னு தட்டிட்டே போகணும். எட்டு வழியா வோல்டேஜ் வெளிய வரும், அது சிந்த்த ஓட்டும். அடிச்சு முடிச்சத கேசட்ல சேமிக்கணும். ஒரு பாட்டோட பேஸ் லைன் போடறதுக்கே ஒரு நாள் பொழுது போயிடும், வாசிக்கற கை அங்க இல்லவே இல்ல.

இதனால என்ன ஆகுதுன்னா, ட்ரம்மும் பேஸும் ஒரு மயிரிழை கூட நகராம நிக்குது. பஸ்காக்ஸ்ல ஜான் மாஹர் ட்ரம் எப்பவும் கொஞ்சம் முன்னாடி பாய்ஞ்சுட்டே இருக்கும், மூச்சு வாங்கற மாதிரி, ஷெல்லி அத துரத்திப் புடிச்சு பாடுவாரு. சோலோல துரத்தறதுக்கு ஒன்னுமே இல்ல. ஸோ அவரு வரிய இழுக்கறாரு, நக்கலா பாடறாரு, சில எடத்துல பேசவே பேசறாரு. ஆள் ஒன்னும் மாறல, அவர சுத்தி தாளம் இறுகிப் போச்சு அவ்ளோதான். என்ன கேட்டா அந்த ஆல்பத்தோட உண்மையான புதுசு சிந்த் சவுண்டே இல்ல, இந்த பாடற விதம்தான். 'ஐ டோன்ட் நோ வாட் இட் ஈஸ்' போட்டு கேளுங்க, கோரஸ் வர்றதுக்கு முன்னாடி அவரு எடுத்துக்கற எடம் பஸ்காக்ஸ்ல கெடச்சிருக்கவே கெடைக்காது.

அப்புறம் இதோட பெரிய விளைவு வேற வீட்ல போய் வெடிச்சுது. இந்த ஷெல்லி ரெக்கார்டிங்க கேட்டுட்டுத்தான் வர்ஜின் ரெக்கார்ட்ஸ் ரஷன்ட்ட ஹ்யூமன் லீக் பேண்டோட கோத்து விட்டாங்க. அதே ஜெனடிக் ஸ்டுடியோ, அதே எம்சி8, கூட லின் ட்ரம் மெஷின், வந்தது 'டேர்' ஆல்பம், 1981 அக்டோபர். 'டோன்ட் யூ வான்ட் மீ' அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு பிரிட்டன்ல நம்பர் 1. கிட்டார சுத்தமா தூக்கிட்டதுதான் வித்தியாசம். உலகம் பூரா எண்பதுகளோட சவுண்டுன்னு நெனச்சுக்கற ஒன்னோட ஒத்திகை பீட் ஷெல்லியோட ஆல்பத்துல நடந்திருக்கு, காசு போனது வேற ஆளுங்களுக்கு.

மூணுகார்டு:

அடேங்கப்பா. ஸ்கை யென் இப்பதான் போட்டேன், முழுசா தாங்க முடியல, ஆனா புரியுது. நாப்குழல், ட்ரம் துரத்தறது பத்தி நீங்க சொன்னத வச்சு பஸ்காக்ஸோட 'எவர் ஃபாலன் இன் லவ்' மறுபடி போட்டு பாத்தேன், ஆமா, முழு பாட்டும் விழப் போற ஆள் ஓடற மாதிரிதான் இருக்கு.

சரி 'ஹோமோசேப்பியன்' இவ்ளோ நல்ல பாட்டுன்னா அது ஏன் 'டோன்ட் யூ வான்ட் மீ' மாதிரி ஆகல? பிபிசி தடை பண்ணாங்கன்னு எங்கயோ படிச்சேன், தடை பண்ணா பாட்டு இன்னும் ஓடத்தான செய்யும்?

வெள்ளிக்கிழமை_வினைல்:

தடை எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. 1984 ஜனவரில 'ரிலாக்ஸ்' பாட்டுக்கு பிபிசி தடை போட்டப்ப அது ஏற்கனவே சார்ட்ல மேல வந்துட்டிருந்த பாட்டு, ரேடியோல ஓடி ஓடி எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு, தடை போட்டதும் நம்பர் 1க்கு போயிடுச்சு. 'ஹோமோசேப்பியன்'க்கு கதவே தொறக்கறதுக்கு முன்னாடி சாத்திட்டாங்க. 1981ல பிரிட்டன்ல ஒரு புது சிங்கிள் ஓடணும்னா பிபிசியோட ரேடியோ 1 வேணும், அது இல்லன்னா கடைக்காரன் கூட சரக்கு எடுக்க மாட்டான்.

காரணம், அதுல ஆணும் ஆணும் சேர்றத பத்தி ஒரு வரி இருக்கு, வெளிப்படையான குறிப்புன்னு சொல்லி ஒதுக்கிட்டாங்க. இத்தனைக்கும் அந்த வரி ஆபாசமே கிடையாது, சொல் விளையாட்டு, குறும்பு. இங்கிலாந்துல 21 வயசு தாண்டின ஆண்களுக்குள்ள தனிப்பட்ட உறவு குற்றம் இல்லன்னு சட்டம் வந்து அப்ப 14 வருஷம் ஆச்சு, 1967லயே வந்தது. சட்டத்துக்கு பிரச்சனை இல்ல, ரேடியோவுக்குத்தான் பிரச்சனை.

எனக்கு இந்த பாட்டு ஏன் புடிக்கும்னா, ஷெல்லி தான் பைசெக்சுவல்ங்கறத என்னிக்கும் மறச்சது இல்ல, ஆனா பஸ்காக்ஸ் பாட்டுல அவரு வேணும்னே அவன் அவள்னு வராம 'நான்', 'நீ'ன்னே எழுதுவாரு, யார் வேணா யார நெனச்சும் பாடிக்கலாம். 'எவர் ஃபாலன் இன் லவ்' 1978ல பிரிட்டன் சார்ட்ல 12வது எடம் வரைக்கும் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நெனக்கறேன், காதல்ல செருப்படி வாங்கின எல்லாருக்கும் அது சொந்தப் பாட்டு. 'ஹோமோசேப்பியன்'ல அந்த திரைய எடுத்துட்டாரு. மொத தடவையா பேர் சொல்லி பேசறாரு. அதுவும் நடுத்தெருவுல நின்னு, டான்ஸ் பீட்டோட. பேண்டுக்குள்ள நாலு பேரா நிக்கும்போது இத பாடியிருப்பாரான்னு யோசிங்க. எழுதி எத்தனையோ வருஷம் வீட்லயே வச்சிருந்த பாட்டு தனியாளா ஆன உடனே வெளிய வந்திருக்கு, இதுல எம்சி8க்கு என்ன பங்கு? மிஷின் வந்ததாலதான் மாறினாருன்னு சொல்றவங்க இத ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

பிரிட்டன்ல சார்ட்டுக்கே வரல. ஆனா அமெரிக்காவுல க்ளப்ல பிச்சுக்கிட்டு ஓடுச்சு, ஆஸ்திரேலியாவுலயும் ஹிட்டு. க்ளப் டிஜேக்கு பிபிசி அனுமதி வேண்டாமே. 12 இஞ்ச்ல ஒரு நீளமான டப் மிக்ஸ் இருக்கு, ரஷன்ட் ட்ரம்மையும் குரலையும் பிச்சு பிச்சு தூக்கிப் போட்டு விளையாடியிருப்பாரு, அது கண்டிப்பா கேக்கணும்.

கடுப்பு_காபி:

வெள்ளிக்கிழமை சொல்றத ஒத்துக்கறேன், நல்ல பாயின்ட். ஆனா ஆல்பம் முழுக்க அந்த உயரத்துல நிக்கல, யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. டைட்டில் பாட்டு, 'ஐ டோன்ட் நோ வாட் இட் ஈஸ்', 'யெஸ்டர்டேஸ் நாட் ஹியர்', இத தாண்டினா சிலது டெமோவாவே நிக்குது, ஒரே டெம்போ, ஒரே ஹேண்ட்க்ளாப். டிகிள் மாதிரி சண்டை போட ஒரு ஆள் பக்கத்துல இல்லன்னா இப்படித்தான் ஆகும்.

ஸ்பெக்ட்ரம்48:

நான் இந்த த்ரெட்ல காத்துட்டே இருந்தேன் யாராவது 'எக்ஸ்எல்1' பத்தி ஆரம்பிப்பீங்கன்னு!! 1983, ரெண்டாவது சோலோ ஆல்பம், ரஷன்ட்டேதான் ப்ரொட்யூசர். மேகசின் பேண்டுல பேஸ் வாசிச்ச பாரி ஆடம்சன் இதுல வாசிச்சிருக்காரு, அதனால கடுப்பு காபி சொல்ற அந்த தனியாள் பிரச்சனை இதுல இல்ல, நெஜ பேஸ், நெஜ ட்ரம், மிஷின் எல்லாம் கலந்து போகுது. 'டெலிபோன் ஆப்பரேட்டர்' ஒன்னு போதும், கிட்டார் திரும்பி வந்துடுச்சு, ஆனா பங்க் கிட்டாரா இல்ல, சீக்வென்சருக்கு பதில் சொல்ற கிட்டாரா வருது.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. எல்பியோட கடைசில பாட்டெல்லாம் முடிஞ்ச அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் இருக்கு! இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு. அந்த காலத்து வீட்டு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம சத்தமாத்தான் கேசட்ல வச்சிருக்கும், கீச்சுன்னு ஒரு அலறல், அந்த அலறலையே ரெக்கார்ட்ல வெட்டி வச்சுட்டாங்க. தெரியாம கேட்டு ஸ்பீக்கரும் காதும் போயிடக் கூடாதுன்னு அதுக்கு முன்னாடி ஒரு மூடின பள்ளம் வேற, ஊசி அங்கயே சுத்திட்டு நிக்கும், நீங்களா எடுத்து அதுக்கு அடுத்த பள்ளத்துல வச்சாத்தான் அலறல் வரும். அத கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு ஆல்பத்த முதல்லேருந்து போட்டா பாட்டோட சேந்து வரிகளும் படங்களும் டிவில ஓடும். ஸ்பெக்ட்ரம் வந்ததே 1982லதான், அடுத்த வருஷமே இது. பாட்டு ஓட ஓட வரி திரையில வர்றத இப்ப போன்ல பாக்கறோமே, அத 1983ல ரெக்கார்ட் ப்ளேயர வச்சு பண்ணியிருக்காங்க. அதே வருஷம் அதே மான்செஸ்டர்லேருந்து க்ரிஸ் சீவியும் ஒரு சிங்கிள் பின்பக்கம் இசட்எக்ஸ்81 ப்ரோக்ராம் போட்டாரு, அந்த ஊர் தண்ணியிலயே ஏதோ இருந்திருக்கு.

ஒரு எலக்ட்ரானிக்ஸ் மாணவன் ஆசிலேட்டர் வச்சு ஆரம்பிச்சு இங்க வந்து நிக்கறான். இத பாத்துட்டு ட்ரெண்டு புடிச்சு போனாருன்னு எவனாவது சொன்னா எனக்கு கோவம் வரும்.

நாப்குழல்:

ஸ்பெக்ட்ரம் தம்பி, 'எக்ஸ்எல்1' அருமைதான், ஆனா அந்த ப்ரோக்ராம உண்மையில ஒழுங்கா லோட் பண்ணி பாத்தவங்க எத்தன பேருன்னு நெனைக்கறீங்க, ஒரு தூசி ஊசில மாட்டினா போச்சு. 😄

மூணாவது ஆல்பம் பத்தி யாரும் எழுதல, நானே சுருக்கமா சொல்லிடறேன். 'ஹெவன் அண்ட் த சீ', 1986, மெர்க்குரி லேபிள். ரஷன்ட் இல்ல, ஸ்டீபன் ஹேக் ப்ரொட்யூசர், பெட் ஷாப் பாய்ஸோட 'வெஸ்ட் எண்ட் கேர்ல்ஸ்' ஹிட் ஆன வெர்ஷன பண்ண அதே ஆளு. பளபளன்னு இருக்கும். எல்லாம் சரியா இருக்கும், ஒரு கீறல் கூட இருக்காது, அதான் குறை. ஷெல்லி பாட்டுல ஒரு எடத்துலயாவது மானம் போற மாதிரி ஒரு உண்மை வந்து குத்தணும், இதுல குத்தல. ஓடவும் இல்ல. அந்த நேரத்துல சேனல் 4ல டூர் டி ஃப்ரான்ஸ் சைக்கிள் பந்தயம் போடும்போது வர்ற தீம் மியூசிக் இவரு பண்ணதுதான், சோலோ ஆல்பம் எதையும் கேக்காத ஜனங்க கூட அந்த சிந்த் ட்யூன முணுமுணுத்திருப்பாங்க.

அதுக்கு மேல ஒரு கூத்து, அவரோட சோலோ ஓடாத அதே காலத்துல ஃபைன் யங் கானிபல்ஸ் 'எவர் ஃபாலன் இன் லவ்' பாட்ட பாப் ஸ்டைல்ல பாடி 1987ல பிரிட்டன்ல 9வது எடத்துக்கு போனாங்க, ஒரிஜினல விட மேல.

பழையடேப்:

கூட்டணி பத்தி கேட்டிருந்தீங்கல்ல மூணுகார்டு, அது பெரிய கதை, டெவோட்டோவ சொல்லாம அத சொல்ல முடியாது.

1976 ஜூன் 4, மான்செஸ்டர் லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால்ல செக்ஸ் பிஸ்டல்ஸ வர வச்சது ஷெல்லியும் டெவோட்டோவும்தான். அதே வருஷம் டிசம்பர்ல ப்ரொட்யூசர் மார்ட்டின் ஹானெட் கூட உக்காந்து பஸ்காக்ஸோட முதல் ரெக்கார்ட் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' பதிஞ்சு, கைமாத்தா வாங்கின 500 பவுண்டுல 1977 ஜனவரில சொந்தமா வெளியிட்டாங்க. வந்த கையோட டெவோட்டோ பேண்டு விட்டு போயிட்டாரு, ஷெல்லி மைக்குக்கு வந்தாரு. பொதுவா இதோட கதை முடிஞ்ச மாதிரி எழுதுவாங்க. முடியல. டெவோட்டோ ஆரம்பிச்ச மேகசின் பேண்டோட முதல் சிங்கிள் 'ஷாட் பை போத் சைட்ஸ்' ஷெல்லி சேந்து எழுதினது, அதே கிட்டார் ரிஃப் பஸ்காக்ஸோட 'லிப்ஸ்டிக்' பாட்டுலயும் இருக்கு, ரெண்டு பேண்டும் ஒரே ரிஃப்ப பங்கு போட்டுக்கிச்சு. 'த லைட் போர்ஸ் அவுட் ஆஃப் மீ'லயும் ஷெல்லி பேர் இருக்கு.

அப்புறம் ரொம்ப வருஷம் ஒன்னும் இல்ல. 1989ல பஸ்காக்ஸ் மறுபடி சேந்துடுச்சு, டிகிளும் அவரும் சமாதானம், 1994ல நிர்வானாவோட ஐரோப்பா டூர்ல முன்னாடி வாசிச்சாங்க. டெவோட்டோ இசைய விட்டுட்டு ஒரு போட்டோ ஆர்க்கைவ்ல வேலைக்கு போயிட்டாரு. அந்த ஆளோட 2002ல ஷெல்லி சேந்து 'பஸ்குன்ஸ்ட்' ஆல்பம் போட்டாரு. இப்ப இத கவனிங்க. 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' பண்ண ரெண்டு பேரு 25 வருஷம் கழிச்சு சேந்தா ஜனங்க என்ன எதிர்பாப்பாங்க, கிட்டார எடுத்து பழைய வேகத்துல நாலு பாட்டுதான? இவங்க பண்ணது எலக்ட்ரானிக் ஆல்பம். லூப், மிஷின் பீட், கிட்டார் அங்கங்க கடிக்குது, டெவோட்டோ அந்த பழைய வில்லத்தனமான குரல்ல வந்து போறாரு. பாதி பேருக்கு புடிக்கல. வித்தது கம்மி. எனக்கு அவரோட சோலோ வேலையில நேர்மையா பாத்தா இதுதான் ரெண்டாவது எடம், ஏன்னா கடுப்பு காபி சொன்ன குறை இதுல தீருது, அவரு முன்னாடி நின்னு இது சரியில்லன்னு சொல்ற ஆள் டெவோட்டோ.

அடுத்த வருஷம், 2003, பஸ்காக்ஸ்ங்கற பேர்லயே வந்த ஆல்பத்துல அந்த கூட்டணியோட ரெண்டு பாட்டு உள்ள வந்துச்சு. 'ஸ்டார்ஸ்'ங்கறது 'பஸ்குன்ஸ்ட்'ல இருந்த பாட்டோட கிட்டார் வடிவம், 'லெஸ்டர் சாண்ட்ஸ்' 1976 காலத்து பழைய பாட்டு. அந்த எலக்ட்ரானிக் பாட்டு பங்க் பாட்டா மாறி எந்த ஒட்டும் தெரியாம நிக்குது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கேளுங்க, உங்க முதல் கேள்விக்கு இதவிட நல்ல பதில் நான் எழுத முடியாது.

2012 மே மாசம் டெவோட்டோ பஸ்காக்ஸ் மேடைக்கே வந்தாரு, மான்செஸ்டர்லயும் லண்டன்லயும், 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' பாடினாரு. ஷெல்லி 2018 டிசம்பர் 6ல எஸ்டோனியாவுல தாலின் நகரத்துல இறந்துட்டாரு, 63 வயசு.

கடுப்பு_காபி:

'பஸ்குன்ஸ்ட்' ரெண்டாவது எடமா?! வாய்ப்பே இல்ல, 'எக்ஸ்எல்1'க்கு முன்னாடி அத வைக்க மாட்டேன், பாதி ட்ராக்கு பாட்டே இல்ல, மூடு மட்டும்தான் இருக்கு. ஆனா 'ஸ்டார்ஸ்' விஷயம் சூப்பர், அத நான் கவனிச்சதில்ல.

2005ல பிபிசி ரேடியோ டிஜே ஜான் பீல் நினைவா வந்த 'எவர் ஃபாலன் இன் லவ்' கூட்டு சிங்கிள யாரும் சொல்லலையே? ஆம்னஸ்டி மனித உரிமை அமைப்புக்கு காசு சேக்க பண்ணது. எல்டன் ஜான், ராபர்ட் ப்ளான்ட், டேவிட் கில்மர், பீட்டர் ஹூக்னு ஒரு படையே வந்து ஷெல்லி பாட்ட பாடிச்சு. 1976ல பங்க் யார ஒழிக்கணும்னு கெளம்புச்சோ அவங்கள்ல ஒருத்தர் ரெண்டு பேரு பங்க் பாட்ட வந்து பாடிட்டு போறாங்க. இசையா சுமார்தான், ஆனா காட்சி நல்லாருக்கும்.

மூணுகார்டு:

ஸ்டார்ஸ் ரெண்டு வெர்ஷனும் கேட்டேன் பழையடேப். மெஷின் வெர்ஷன்தான் எனக்கு புடிச்சிருக்கு, நான் இப்படி சொல்வேன்னு நானே நெனைக்கல. சரி கடைசியா, வாங்கறதா இருந்தா எந்த வரிசைல வாங்கறது? பழைய வினைல் பாத்தா 'ஹோமோசேப்பியன்' ரெண்டு விதமா பாட்டு லிஸ்ட் காட்டுது, எது சரி?

வெள்ளிக்கிழமை_வினைல்:

ரெண்டுமே சரி. ஒன்னு பிரிட்டன் பதிப்பு, ஒன்னு அமெரிக்க பதிப்பு. அமெரிக்க பதிப்புல சில ஆல்பம் பாட்ட எடுத்துட்டு 'விட்னஸ் த சேஞ்ச்', 'இன் லவ் வித் சம்படி எல்ஸ்' மாதிரி சிங்கிள் பின்பக்கத்து பாட்ட போட்டிருப்பாங்க, அதனால அது டான்ஸ் பக்கம் சாயும். கடுப்பு காபிக்கு இருக்கற புகார் பாதி அமெரிக்க பதிப்புல கொறையும். ஆனா 'கீட்ஸ் சாங்' மாதிரி மெதுவா போற பாட்டுக்கு பிரிட்டன் பதிப்பு வேணும். சிடில வந்த மறுபதிப்புங்கள்ல கூடுதல் பாட்டா ரெண்டு பக்கமும் கெடைக்கும், டப் மிக்ஸ் இருக்கான்னு மட்டும் பின்னட்டைய பாத்துக்கங்க.

வரிசைன்னா என் வரிசை: டைட்டில் சிங்கிளோட டப் மிக்ஸ், அப்புறம் 'எக்ஸ்எல்1' முழுசா, அப்புறம்தான் முதல் ஆல்பம். 'ஹெவன் அண்ட் த சீ' மலிவா கெடச்சா எடுங்க, தேடிப் போக வேணாம். 'ஸ்கை யென்' 2011ல ட்ராக் சிட்டி லேபிள் மறுபடி போட்டாங்க, அத ஹெட்போன் போட்டு கேட்டுடாதீங்க.

ஸ்பெக்ட்ரம்48:

எக்ஸ்எல்1 எல்பியா வாங்கினா கடைசி ட்ராக்க பத்தி விக்கறவர்கிட்ட கேளுங்க, அலறல் வருது ரெக்கார்ட் டேமேஜ்னு வெலைய கொறச்சு விக்கற ஆளுங்க இருக்காங்க. 😁